டிரைவர் கோளாறு என்று சொன்னேன்

எங்கள் கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்குக் கோளாறே கிடையாது. கோளாறு அதைத் தூக்கிக்கொண்டு வரும் ஆளிடம் இருக்கும். பிளக்கைச் செருகாமலே செத்துப்போச்சு என்று கொண்டுவருவார்கள். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டுப் படமே தெரியவில்லை என்பார்கள். விருதுநகர் பருப்புக் கடை ஒன்றிலிருந்து வந்த ஒருவர், கீபோர்டுக்குள் கைப்பிடித் துவரம்பருப்பை வைத்துக்கொண்டு, எழுத்து அமுங்க மாட்டேன் என்கிறது, வைரஸாக இருக்குமோ என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. வைரஸ் இல்லை அண்ணாச்சி, நாளைக்குச் சாம்பார் வைக்கலாம் என்றேன். அவர் அதற்கப்புறம் வேறு கடை பார்த்துக்கொண்டார்.

பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். மெஷின் பக்கம் நின்று பேசியே பழக்கம். மெஷின் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லுவான் என்பது என் கட்சி. அந்தக் கட்சியை நானே ஒரு நாள் மாற்றிப் பேச வேண்டி வந்தது. அதுவும் என் அக்காவிடம்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனர். காலண்டரில் முருகனுக்குப் பின்னால் சுழலும் ஒளிவட்டம், லட்சுமியின் காதோரம் சுருண்டு தொங்கும் இரண்டு முடி, பட்டாசுப் பெட்டியின் மேல் சீறிப் போகும் ராக்கெட்டின் வால், இதெல்லாம் அவள் கைவேலை. வெறும் மவுஸைப் பிடித்துக்கொண்டே ஒரு முடிக்கு ஒரு கோடு என்று போடுவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் எடுத்து ஒட்டும் படத்தைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமிக்கு முகத்தைக் கடன் வாங்கிப் போடுறானுக என்று வீட்டில் வந்து திட்டுவாள். வாய் எங்கள் குடும்பச் சொத்து.

எங்கள் வீட்டில் மருந்து தொடாமல் பிழைத்த முதல் ஆள் அவள்தான். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் பேக்கிங் வேலை பார்ப்பவள். அப்பாவும் இருந்தவரை பட்டாசு வேலைதான். அவர்களுக்கு முந்தினவர்கள் அடுத்தவர் காட்டில் மிளகாய் பறித்தவர்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகளைப் பற்றி அம்மா கம்பெனி வேனில் போகும்போதெல்லாம் பேசிக்கொண்டே போவாளாம். அக்கா வரைந்த லேபிள் சில நாள் அம்மா அடுக்கும் பெட்டியிலேயே வந்துவிடும். அன்றைக்கு நசுங்கிப்போன பெட்டி ஒன்றைக் கழிவிலிருந்து எடுத்து, மூடியை மட்டும் கிழித்து மடியில் வைத்துக் கொண்டுவருவாள். "இது ஒன்னோடதுதானே?" என்று கேட்பாள். அக்கா அதில் கலர் சரியாக வரவில்லை என்று பிரிண்டிங்காரனைத் திட்டுவாள்.

போன தீபாவளி சீசனில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. சீசன் முடிய மூன்று வாரம் இருந்த நேரம் அது. அந்த நேரத்தில் லீவு போட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள், அடுத்த சீசனுக்கும் இடம் போய்விடும். அதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆளுக்குப் பதில் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போய் உட்கார்ந்துவிட வேண்டியது. ஃபோர்மேன் கண்டுகொள்ள மாட்டார். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் சரி. காய்ச்சல்காரிக்குப் பதில் மருமகள், மருமகளுக்குப் பதில் நாத்தனார் என்று எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மற்ற நாட்களில் அத்தை ஒருத்தி போய்விட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு சடங்கு வீடு இருந்தது. அக்காவுக்கு அன்றைக்கு பிரஸ் லீவு.

அக்கா யோசித்தாள். நான்தான் சொன்னேன். "ஒரு நாள்தானேக்கா. பெட்டில பட்டாச அடுக்கப் போற, பெருசா என்ன." நான் போயிருக்கலாம். பேக்கிங்கில் ஆம்பளையை உட்கார வைக்க மாட்டார்கள் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். எனக்கு அன்றைக்கு ஒரு சர்வீஸ் கால் இருந்தது என்பதும் உண்மைதான். காலையில் ஆறு மணிக்கு என் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோய் வேன் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டேன். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். அதைப் பெரிய உபகாரம் மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வேறு ஷெட்டில் ஆள் குறைந்திருக்கிறது. பேக்கிங்கிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தரைச்சக்கரம் அடுக்கி வெயிலில் காயப் போட்ட தட்டுகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தட்டைத் தூக்கத்தான் வேண்டும், தரையில் வைத்து இழுக்கக் கூடாது. உரசினால் போதும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவளை யாரும் மருந்துப் பக்கம் விட்டதே இல்லையே, எப்படித் தெரியும்? தட்டு கனமாக இருந்ததால் வலது கையால் பிடித்து இழுத்திருக்கிறாள். பெரிய வெடியெல்லாம் இல்லை. ஒரு பளீர், அவ்வளவுதான். பேப்பரில்கூட வரவில்லை.

முகத்தில் படவில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். வலது கை முழங்கைவரை வெந்து போயிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்ததைப் பிரித்தார்கள். பிரித்த விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டை இழுக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டேனே, அவ பேக்கிங்குக்குத்தானே போறான்னு சொல்லாம விட்டேனே. வேனில் இடம் பிடித்துக் கொடுத்தவன் என்ன சொல்ல முடியும்?

தை பிறந்ததும் அம்மா அதே யூனிட்டுக்கு அதே வேனில் போகத் தொடங்கினாள். வேறு போக்கு இல்லை. அக்கா வீட்டில் இருந்தாள்.

அவளுடைய பிரஸ் முதலாளி நல்ல மனிதர். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதை வைத்துத்தான் ஊர் ஊராக ஆர்டர் பிடிப்பது. ஆனி முடிவதற்குள் படமெல்லாம் தயாராகிவிட வேண்டும். "ஆனி வரைக்கும் ஒங்க சீட்டுல யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்குள்ள வந்துருவீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அக்கா கையை விரித்து விரித்துப் பார்த்தாள். ரப்பர் பந்தை வைத்து நாள் முழுக்க அமுக்குவாள். மவுஸைப் பிடித்தால் விரல் பட்டனுக்கு வந்து சேராது. இடது கையில் பிடித்து வரைந்து பார்த்தாள். எழுத்து வேலைக்கு அது போதும். லட்சுமியின் முடியைப் போட்டபோது துடைப்பக் குச்சி மாதிரி வந்தது. அவளே சிரித்துவிட்டாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் நின்றாள்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் படம் வரையும் டேப்லெட் ஞாபகத்துக்கு வந்தது. பரீட்சை அட்டை அளவில் ஒரு கறுப்புப் பலகை, அதோடு ஒரு பேனா. பலகையில் பேனாவால் போடுவது கம்ப்யூட்டர் திரையில் கோடாக விழும். மெல்ல வைத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. பேனா கொஞ்சம் தடிமனாக இருக்கும். மடங்கிய விரலுக்குள் அதைச் செருகி வைத்துக்கொள்ளலாம், பட்டனை அமுக்க வேண்டிய வேலை இல்லை. காரியாபட்டியில் ஒரு காலேஜ் பையன் வாங்கி ஆசை தீர்ந்து விற்கப் பார்த்தான். நேரில் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வெளியே எடுத்ததும் அக்காவின் முகம் பல மாதத்துக்குப் பிறகு பழைய முகமாக இருந்தது. குளித்துவிட்டு வந்து பலகையின் ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

ஒரு சட்டமும் போட்டாள். எங்கள் பக்கம் படம் போடுகிறவர்கள், லேபிள் எழுதுகிறவர்கள் வீட்டுக்கு எந்தக் கருவி புதிதாக வந்தாலும் அதற்குரிய ஆள்தான் முதலில் பிள்ளையார் சுழி போட வேண்டும். அது முழுசாக விழும்வரை வேறு யார் கையும் அதன்மேல் படக்கூடாது. "பேனாவ நீ தொடாதலே. மொதக் கோடு என்னோடதா இருக்கணும்" என்றாள். சரி என்றேன். எனக்குத்தான் வரையவே வராதே, பேனா எனக்கு எதற்கு? என் வேலை கம்ப்யூட்டரோடு என்று நினைத்தேன்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் மூடிப்போன ஒரு பிரஸ் ஆபீஸிலிருந்து நான் தூக்கிவந்தது. அதற்குள் இருந்த சிஸ்டத்தை அதைச் செய்த கம்பெனியே எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனால் அக்கா பழகிய டிசைன் சாஃப்ட்வேர் அதில்தான் இருந்தது. அவள் சேர்த்து வைத்த எழுத்துருக்கள், பூ, கொடி, கோபுரம் எல்லாம் அதில்தான். டேப்லெட்டோ புது மாடல். இந்த இரண்டுக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசி முடிக்கும் தரகர் மாதிரி. அந்தத் தரகர் சரியில்லை என்றால் பொருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல்யாணம் நடக்காது.

வயரைச் செருகினேன். டிங் என்று ஒரு சத்தம் வந்தது. கீழே ஒரு செய்தி: இன்னதென்று தெரியாத கருவி. பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும். முன்பக்கத் துளையில் கரண்ட் போதவில்லை என்று பின்பக்கத்தில் மாற்றிச் செருகினேன். டேப்லெட்காரனின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கினேன். உங்கள் சிஸ்டம் பழசு, உங்களுக்கு இது ஆகாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. பழைய வெர்ஷனைத் தேடினேன். அதைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து எந்த நாட்டிலோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருந்தது கிடைத்தது. அதில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து சரியில்லை என்று சிஸ்டம் உள்ளே விட மறுத்தது. கம்ப்யூட்டர் எழும்போதே ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்து, கையெழுத்து கேட்காதே என்று சொல்லி உள்ளே விட்டேன். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. திட்டிக்கொண்டே செய்தேன். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, பேனாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நாலைந்து நாள் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம் என்றே சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் மஞ்சள் முக்கோணம் போனது. அக்கா பேனாவை விரல்களுக்கு நடுவில் செருகி, பலகைமேல் வைத்தாள். திரையில் அம்புக்குறி அசைந்தது. அம்மா அன்றைக்கு வேலையிலிருந்து வந்த கோலத்தில், கையில் பேப்பர் தூசியோடு, பின்னால் வந்து நின்றாள். அக்கா பிள்ளையார் சுழி போட்டாள். சுழியின் தலை மட்டும் விழுந்தது. கொசுவின் கால் மாதிரி ஒரு கோடு, நடுவில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஒரு புள்ளி. இன்னொரு தடவை போட்டாள். அதேதான்.

பேனாவின் அழுத்தம் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். இது எல்லா டேப்லெட்டிலும் வரும் கோளாறுதான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. தேடிப் பார்த்ததில் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ டேப்லெட்டின் பழைய டிரைவர் மிச்சம் கிடந்தது. இரண்டும் அடித்துக்கொள்கின்றன என்று அதைச் சுரண்டி எடுத்தேன். புதுசை நீக்கி மறுபடி போட்டேன். டிரைவரின் செட்டிங்கில் அழுத்தத்தைக் காட்டும் பச்சைப் பட்டை ஒன்று உண்டு. அக்கா பேனாவை வைத்தால் அது ஒரு நகக்கண் அளவு ஏறும், உடனே இறங்கிவிடும். டிரைவர் பாதிதான் படிக்கிறது என்று நினைத்தேன். மெல்லத் தொட்டாலே போதும் என்கிற அளவுக்குச் செட்டிங்கைத் தளர்த்தினேன். அப்போது கோடு நடுங்கியது. அக்கா ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்ப்பாள். விழுந்ததை அழிப்பாள். "இன்னும் சரியாகலலே" என்பாள்.

இப்படியே பத்து நாள் போனது. பதினோரு வருஷம் மெஷின் பார்த்தவன், எதையும் முதலில் தன் கையால் சோதித்துப் பார்ப்பவன், பத்து நாளாக அந்தப் பேனாவைத் தொடவே இல்லை. அவள் தொடாதே என்றாள், நானும் தொடவில்லை. கடையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா வேலைக்கு லீவு போட்டு, அக்காவைக் கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன். காலை பத்து மணி இருக்கும். டிரைவரை மறுபடி நீக்கி, மறுபடி போட்டு, பச்சைப் பட்டையைத் திறந்து வைத்தேன். சோதிக்க ஆள் இல்லை. பேனா பலகைமேல் கிடந்தது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை எடுத்தேன். சுழி போடவில்லை, அது அவளுடையது. சும்மா ஒரு கோடு இழுத்தேன்.

கோடு முழுசாக விழுந்தது. கன்னங்கரேலென்று தடியாக விழுந்தது. கையைத் தளர்த்தினால் மெலிந்தது. அழுத்தினால் பச்சைப் பட்டை உச்சி வரைக்கும் ஏறியது. வரையவே தெரியாத என் கைக்கு அந்தப் பேனா அப்படி வளைந்து கொடுத்தது. நம்பாமல் வயரைப் பிடுங்கிச் செருகினேன். செட்டிங்கை எல்லாம் பழையபடி வைத்தேன். மறுபடி இழுத்தேன். மறுபடி தடியாக விழுந்தது. திரை முழுக்கக் கிறுக்கினேன். ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

டிரைவர் சரியாக இருந்தது. என்றைக்கோ சரியாகிவிட்டது. பத்து நாளாக ஒரு பிசகும் இல்லாத டிரைவரை நான் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது அழுகைகூட இல்லை, பயம். கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அதை அவளிடம் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லும் அதே வார்த்தையை அவளிடம் சொல்ல வேண்டும். கிறுக்கியதை எல்லாம் அழித்தேன். சேமிக்க வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

அவர்கள் மத்தியானம் வந்தார்கள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னலே ஆச்சு?" என்று கேட்டாள்.

"டிரைவர் கோளாறுதான்க்கா. இதுக்குப் புது வெர்ஷன் வரணும். வந்தாத்தான் ஆகும்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வரட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு நாடகம் நடத்தினேன். கடை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அதே டிரைவரை நீக்குவேன், அதே டிரைவரைப் போடுவேன். இன்டர்நெட்டில் எதையாவது படிப்பது மாதிரி கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பேன். டேப்லெட் செய்தவனைத் திட்டுவேன். அவன் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. அக்காவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். போட்டுப் பார் என்றால் போட்டுப் பார்ப்பாள். சில நாள் அவளே, இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்பாள். திரையில் நேற்று விழுந்த கொசுக்கால்தான் இன்றைக்கும் விழுந்திருக்கும். அம்மா தினமும் வேனிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் கேட்பது, "அது வந்துருச்சாய்யா?" என்பதுதான். தபாலில் வரப்போகும் ஏதோ ஒன்று மாதிரி அவள் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வரும்மா என்று அவளுக்கும் சொன்னேன்.

ஆனி கடைசி வாரம் முதலாளி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். கை போனதிலிருந்து அக்கா போனைக் கீழே வைத்து எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். சாப்பிட்டீகளா, கை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். ஆல்பத்துக்கு இன்னும் நாலு சாமி பாக்கி என்றார். வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்க முடியாமல், வெயில் இந்த வருஷம் ரொம்ப அதிகம் என்றார்.

"அண்ணாச்சி, என் சீட்டுல ஆளப் போட்டுக்கங்க" என்றாள் அக்கா.

அவர் அவசரமில்லை என்று ஏதோ சொன்னார். இல்லண்ணாச்சி, போட்டுக்கங்க என்று மறுபடி சொன்னாள். அங்க என் கம்ப்யூட்டர்ல லட்சுமி ஒண்ணு பாதியில இருக்கு, அதுல முடி போடாம யாரும் அச்சுக்குக் குடுத்துறாம பாத்துக்கங்க என்றும் சொன்னாள். குரல் ஆடவே இல்லை. போனை வைத்தாள். அம்மா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். எதற்கு இந்த அவசரம், டிரைவர் இன்னும் ஒரு வாரத்தில் வந்துவிடும், நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று கத்தினேன்.

"டிரைவர் நல்லாத்தான்லே இருக்கு" என்றாள்.

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எனக்கு மொத நாளே தெரியும். பேனா பலகையில பட்டதே எனக்குத் தெரியல. கண்ணால பாத்துத்தான் பட்டுருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வெரலுக்கு இனிமே எதுவும் தெரியாதுலே."

அப்புறம் ஏன்க்கா சொல்லவில்லை, ஒரு மாதமாக ஏன் என்னை விட்டாய் என்று கேட்டேன். சேலை முந்தானையை இடது கையால் இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள்.

"கை போனதுல இருந்து நீ எம் மூஞ்சியப் பாத்துப் பேசலலே. வேன்ல ஏத்திவிட்டோம்னு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே திரிஞ்ச. இது வந்தப்புறந்தான் பழையபடி எவனையாவது திட்டிக்கிட்டு, பக்கத்துல உக்காந்து பேசுன. இருக்கட்டும்னு விட்டேன்."

அந்த வீட்டில் அன்றைக்கு நான் அழுதது மாதிரி அப்பா செத்தபோதுகூட அழுததில்லை. சத்தமாக அழுதேன். வேனில் ஏற்றிவிட்டதைப் பற்றி எட்டு மாதமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அன்றைக்கு சர்வீஸ் கால் என்று போன இடத்தில் ஒரு வேலையும் இல்லை, டீ குடித்துக் கதை பேசிவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நான் பேனாவத் தொட்டுட்டேன்க்கா" என்றேன்.

"தொட்டா என்ன. கோடு எப்பிடி விழுந்துச்சு?"

"நல்லா விழுந்துச்சு."

"தடியாவா?"

"ஆமா."

சரி என்பது மாதிரி தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. முதலாளியிடம் பேசியபோது வராத கண்ணீர், என் கோடு தடியாக விழுந்தது என்றதும் வந்தது.

ஒரு வாரம் கழித்து டேப்லெட்டை விற்றுவிடு என்றாள். வைத்துக்கொள்ளலாமே, கை தேறலாம் என்று இழுத்தேன். ஆளில்லாத கருவியை வீட்டில் வைக்கக் கூடாது, வரையக்கூடிய யாராவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டாள். மஞ்சள் குங்குமத்தை ஈரத் துணியால் அவளே துடைத்தாள். நான் வயரைச் சுருட்டி, பேனாவைத் தாளில் பொதிந்து பெட்டிக்குள் வைத்தேன்.

"டிரைவரயும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு. வாங்குறவனை அலைய விடாத. எப்பிடிப் போடணும்னு எழுதி வையி" என்றாள். கடைச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினேன். பின்பக்கத் துளையில் செருகவும். பழைய டிரைவர் இருந்தால் முதலில் நீக்கவும். கம்ப்யூட்டர் எழும்போது இன்ன பட்டனை அமுக்கவும். அவள் என் தோள் வழியாகப் படித்துக்கொண்டிருந்தாள். கடையில் சரிபார்த்துக் கொடுக்கும் எந்தச் சாமானின் சீட்டிலும் கடைசியில் நாங்கள் எழுதும் ஒரு வரி உண்டு. அதை எழுதாமல் சீட்டை மடித்தேன். அவள் மடித்ததைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"நல்லா வேலை செய்யுதுன்னு எழுதுலே" என்றாள்.

எழுதினேன்.